மூடி இல்லாத வடிகால்

பயிற்சிக்கு வந்த பெண் வணக்கம் சொன்னதை ஆணையர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் அப்படி என்னதான் எழுதியிருந்ததோ.

"ஆரம்பிங்கம்மா. எங்களுக்கு அடுத்த மீட்டிங் இருக்கு" என்றார் பொறியாளர்.

ஊரின் மழைநீர் வடிகால்களைக் கணக்கெடுத்த கம்பெனியில் அவள் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நகராட்சி அதிகாரிகளிடம் மேலாளர்தான் பேசுவதாக இருந்தது. "நான் பேசறேன் சார்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். முதல் முறை பேசுகிறவளுக்குக் கை நடுங்க வேண்டும், நாக்கு உலர வேண்டும். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போன வாரத்திலிருந்தே அவளுக்கு எல்லாம் மரத்துப் போயிருந்தது.

புரொஜெக்டர் வெறும் நீலத்தையே காட்டி அடம்பிடித்தது. மேலாளர் ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகினார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள வடிகால், மூடி இல்லாமல் வாயைப் பிளந்துகொண்டு திரையில் வந்தது.

"அப்பா..." என்றாள் அவள், மெதுவாக.

"என்னம்மா, இதுக்கே பெருமூச்சு விடறீங்க? நாங்க இன்னும் கேள்வியே கேக்கலையே" என்று பொறியாளர் சொல்ல, அறையே சிரித்தது.

ஆணையர் சிரிக்கவில்லை. அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பார்த்த வேகத்திலேயே பாட்டிலுக்குத் திரும்பிவிட்டார்.

அவள் பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னாள். "இங்க மூடி உடைஞ்சு ரொம்ப நாளாச்சு சார். போன வாரம் பேஞ்ச மழையில ரோடு எது, வடிகால் எதுன்னே தெரியல. வேலை முடிஞ்சு வந்த ஒரு லேடி உள்ள விழுந்துட்டாங்க. தலையில பலமான அடி. அடுத்த மழைக்குள்ள மூடி போட்டாகணும்."

பொறியாளருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "பார்த்து நடக்க வேணாமா? எல்லாத்துக்கும் நகராட்சியையே குத்தம் சொன்னா எப்படி? விழுந்த அன்னிக்கே ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணினேன் சார். திரும்பத் திரும்பப் பண்ணினேன். எடுக்கல."

"எந்த நம்பருக்குப் பண்ணீங்க?"

"ஆணையர் சார் நம்பருக்கு."

"நல்லா இருக்கே. அவருக்கு இருக்கற வேலையில யார் யார் போனையெல்லாம் எடுப்பார்?"

ஆணையர் தொண்டையைச் செருமினார். "சரி, விடுங்க. இந்த வருஷ வேலையெல்லாம் ஏற்கெனவே முடிவாயிடுச்சு. இதை அடுத்த வருஷத் திட்டத்துல சேர்த்துக்கலாம்." அவளைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

அடுத்த வருஷம் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். மேலாளர் லேப்டாப் பையைத் தேட ஆரம்பித்தார். அவள் மட்டும் நகராமல் அப்படியே நின்றாள். அந்த நிலையிலும் அவளுக்கு அழுகை வரவில்லை.

சுகாதார அதிகாரி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. "அந்த லேடி இப்ப எப்படிம்மா இருக்காங்க?"

"இன்னும் கண்ணு முழிக்கல மேடம். பெரிய ஆஸ்பத்திரியில இருக்காங்க."

"அடடா. கூட யாரு இருக்கா?"

"ராத்திரியில பொண்ணு இருக்கா. பகல்ல பக்கத்து வீட்டு அக்கா பாத்துக்கறாங்க."

"வீட்டுக்காரர் இல்லையா?"

"இருக்கார். சண்டை போட்டுக்கிட்டுத் தனியாப் போயிட்டார். எங்க நம்பர்லேர்ந்து வந்தா போன் எடுக்க மாட்டார்."

எழுதிக்கொண்டிருந்த ஆணையரின் பேனா பாதி வார்த்தையில் நின்றது. இப்போது அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்தார். அவர் கேட்ட குரல் பக்கத்தில் இருந்த பொறியாளருக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அவருக்கு... தகவல் சொல்லியாச்சா?"

"இப்பத்தான் சொல்லிட்டிருக்கேன்ப்பா."