அறிவுரை இல்லாமல் இருபது நிமிடம்

“இது மூணாவது தடவை. இன்னைக்கும் அறிவுரை சொன்னீங்கன்னா, அடுத்த வருஷம் மறுபடி முதல்லேர்ந்துதான்” என்றார் பயிற்சியாளர்.

“நல்லதுதானே சார் சொன்னேன்?”

“நல்லது சொல்றதுக்குத்தான் ஊரே இருக்கே. நாம கேக்கறதுக்கு இருக்கோம்.”

அவள் தலையை ஆட்டினாள். பட்டம் வாங்கிய கையோடு மனநல ஆலோசகர் படிப்பில் சேர்ந்தவள். எழுத்துத் தேர்வெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. செய்முறையில்தான் வாய் காட்டிக் கொடுத்துவிடும். முதல் தடவை, தூக்கம் வரவில்லை என்றவரிடம் எந்தக் கடையில் நல்ல தலையணை கிடைக்கும் என்று சொன்னாள். இரண்டாம் தடவை, மேலதிகாரி திட்டுகிறார் என்றவருக்கு ராஜினாமாக் கடிதமே எழுதிக் கொடுத்துவிட்டாள். வகுப்பில் ‘அட்வைஸ் அக்கா’ என்று பெயர் விழுந்துவிட்டது.

செய்முறைக்கு மூன்று பேர். ஒருவர் ஆலோசகர். இன்னொருவர் பிரச்சினையோடு வருபவராக நடிப்பார். மூன்றாமவர் மூலையில் உட்கார்ந்து மதிப்பெண் போடுவார். மணி அடிக்கும்வரை, என்ன நடந்தாலும் சரி, அவர் வாயைத் திறக்கக் கூடாது.

“வர்றவரா நான் நடிக்கறேன்” என்று கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் படிக்க வந்தவர். ஆறு மாதத்தில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுத்ததைத் தவிர அவர் பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

“மார்க் போட அந்த மேடம் வரட்டும்” என்று அவர் முதல் வரிசையைக் காட்டியதும் நிம்மதி பறந்துபோயிற்று. சிவப்பு மை மேடம். அவரும் கூடப் படிப்பவர்தான். காற்புள்ளி விட்டுப்போனால்கூட வட்டம் போடுகிற ரகம். இந்த மனுஷன் நமக்கென்று எங்கிருந்து வந்து வாய்த்தார் என்று நொந்துகொண்டாள்.

சின்ன அறை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு டிஷ்யூ பெட்டி. மேடம் மூலையில் உட்கார்ந்து, மதிப்பெண் தாளை மடியில் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

“சொல்லுங்க சார். எதைப் பத்திப் பேசணும்னு வந்திருக்கீங்க?”

“பேச்சுதாம்மா பிரச்சினையே. வீட்ல நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பிச்சா, என் மனைவி முடிச்சுருவா. ஹோட்டல்ல சர்வர் என்னைக் கேட்டா பதில் அவகிட்டேர்ந்து வரும். டாக்டர்கிட்ட போனா, எனக்கு எங்க வலிக்குதுன்னு அவதான் சொல்லுவா.”

“தப்பா சொல்லிடறாங்களா?”

“சரியாத்தான் சொல்லுவா. அதனால சண்டை போடவும் வழியில்லை.”

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பரவாயில்லையே, நன்றாகத்தான் நடிக்கிறார். மூலையில் பேனா விறுவிறுவென்று ஓடியது. ‘இதை அவங்ககிட்டயே நேரா சொல்லிடுங்களேன்’ என்ற அறிவுரை அவள் தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்து உள்ளே தள்ளினாள்.

“சொல்ல வந்தது எல்லாம் உள்ளயே தங்கிப் போகுது” என்றாள், பாடத்தில் படித்தபடி.

“ஆமாம்மா. நான் ரிடையர் ஆன அன்னைக்கு ஆபீஸ்ல கூட்டம் போட்டாங்க. என்னை ரெண்டு வார்த்தை பேசச் சொன்னாங்க. ஒரு வாரமா மனப்பாடம் பண்ணி வெச்சிருந்தேன். எழுந்துபோய் மைக்கைப் பிடிச்சேன். ‘அவருக்கு மேடையில பேச வராது, நான் சொல்லிடறேன்’னு அவ வாங்கிட்டா. நல்லாத்தான் பேசினா. எல்லாரும் கைதட்டினாங்க. நானும் தட்டினேன்.”

அவர் குரல் கம்மிவிட்டது. இது நடிப்புதானா என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மூலையில் பேனா ஓடுகிற சத்தம் நின்றுபோயிருந்தது. போச்சு, எங்கேயோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்தாள். ஆனாலும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அறிவுரை ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை.

“அன்னைக்கு என்ன சொல்லணும்னு இருந்தீங்க, சார்?”

அவர் டிஷ்யூ பெட்டியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

“முப்பத்திரண்டு வருஷத்துல ஒருநாள்கூட லேட்டா வந்ததில்லைன்னு என்னைப் புகழ்ந்தாங்க. அந்தப் பேர் என்னோடது இல்லை, அவளோடதுன்னு சொல்ல இருந்தேன். காய்ச்சலா கிடந்தப்பகூட, எழுந்து என்னை நேரத்துக்குக் கிளப்பி அனுப்பிட்டுத்தான் மறுபடி படுப்பா. இதை அவகிட்டயே இதுவரைக்கும் சொன்னதில்லைம்மா. ஆரம்பிச்சாலே, ‘சரி சரி, கரண்ட் பில் கட்டியாச்சா’ம்பா.”

மணி அடித்தது.

மேடம் எழுந்து வந்து தாளை நீட்டினார். மேலே நாலு வரி எழுதியிருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை, கையெழுத்து மட்டும்தான்.

“பாஸ். ஒரு அறிவுரைகூடச் சொல்லலை” என்றார். குரல் கரகரத்தது.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் மேடம் அவர் பக்கம் திரும்பிவிட்டார்.

“எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம். வழியெல்லாம் நீங்கதான் பேசணும். நான் குறுக்கே பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

திறந்த வாய் மூடாமல் நின்றவளிடம் அவர் குனிந்து கிசுகிசுத்தார்: “கிளாஸ்ல தெரிஞ்ச மாதிரியே காட்டிக்கக் கூடாதுன்னு வீட்டம்மா உத்தரவும்மா. முதல்ல அவ மட்டும்தான் சேர்ந்தா. மார்க் போடறவங்க இருபது நிமிஷம் வாயைத் திறக்கக் கூடாதுன்னு அவ கொண்டுவந்த விதிமுறைப் புத்தகத்துல படிச்சேன், மறுநாளே நானும் வந்து சேர்ந்துட்டேன்.”