மேக் தேடிய விலாசம்

“இதுல ஒரு வரிகூட இரவல் கிடையாது மாமா. மூணு மாசம், நான் ஒண்டியா உக்காந்து எழுதினது!”

பிரஸ் முதலாளியின் மேஜைமேல் தன் மடிக்கணினியைத் திருப்பி வைத்தார் மாப்பிள்ளை. புத்தகத்துக்கு எத்தனை பக்கம் என்று தட்டினால் போதும். எத்தனை ரீம் பேப்பர், எத்தனை பிளேட் என்று நொடியில் சொன்னது அந்த புரோகிராம். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

“பிரமாதம்! நான் சொன்ன சொல் மாற மாட்டேன் மாப்பிள்ளை. இதை எழுதினவங்களுக்குத்தான் மேனேஜர் நாற்காலி. சிட்டு, சும்மா நிக்கிறியே, காப்பி போடும்மா.”

முதலாளியின் ஒரே மகள் சிட்டு நகரவில்லை. “டிசைன் ரூம்ல இருக்கறது ஆப்பிள் மேக்தானேப்பா? அதுலயும் ஓடுதான்னு பார்த்துடலாமே.”

“ஓடாம என்ன? எல்லா சிஸ்டத்துக்கும் தனித்தனியா செஞ்சிருக்கேன்!” மாப்பிள்ளை பென் டிரைவோடு முன்னால் நடந்தார்.

டிசைன் ரூம் மேக்கில் சொருகித் தட்டியதும், புரோகிராமுக்குப் பதிலாகப் பொடி எழுத்தில் நாலு வரி வந்து நின்றது.

“என்ன மாப்பிள்ளை, மக்கர் பண்ணுது?”

“ஒண்ணுமில்ல மாமா. இதுக்கு ஒரு துணை ஃபைல் உண்டு. அதைக் காணோம்ங்குது.”

“பென் டிரைவ்ல பக்கத்துலயே கிடக்கே! கண்ணுல சாளேஸ்வரம் வந்த எனக்கே தெரியுது.”

மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு மனப்பாடச் செய்யுள் மாதிரி மூச்சு விடாமல் ஆரம்பித்தார்.

“அங்கதான் சூட்சுமமே! விண்டோஸ்னா பக்கத்துல கிடக்கறதை முதல்ல எடுத்துக்கும். லினக்ஸ் தன் பட்டியல்ல இருக்கற இடத்துல மட்டும்தான் தேடும். பக்கத்துல கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது. மேக் இருக்கே, அது ஒரு பிடிவாதக்காரன். செஞ்சப்போ அந்தத் துணை ஃபைல் எந்த மெஷின்ல, எந்த இடத்துல இருந்துச்சோ, அதே விலாசத்துக்குத்தான் போய்க் கதவைத் தட்டும்!”

“அப்போ எழுதினவங்க மெஷின் விலாசம் இதுக்கு அத்துப்படின்னு சொல்லுங்க” என்றார் முதலாளி.

“அச்சு அசலா! திரையிலேயே போட்டிருக்கும், பாருங்க!”

முதலாளி நாற்பது வருஷம் புரூஃப் பார்த்தவர். எந்த வரியையும் விரல் வைக்காமல் படித்ததில்லை. திரையிலும் விரலை வைத்தார்.

“யூசர்ஸ்... சிட்டு... அப்பா பிரஸ்...”

விரல் அங்கேயே நின்றுவிட்டது. மாப்பிள்ளை மின்விசிறியை அப்போதுதான் கண்டுபிடித்தவர்போல அண்ணாந்து பார்த்தார்.

“நா... நான் போய் எல்லாருக்கும் காப்பி போட்டுட்டு வரேன் மாமா” என்று நழுவினார்.

முதலாளி மகளைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இதைச் சரிபண்ண எத்தனை நாள் ஆகும், மேனேஜர் அம்மா?” என்று கேட்டார்.

“நாளா? ‘பக்கத்துல தேடு’ன்னு ஒரு வரி சேர்த்தா போதும்ப்பா” என்றாள் சிட்டு. “நேத்து வரைக்கும் இருந்துச்சு. இன்னிக்குக் காலையிலதான் நானே எடுத்துட்டேன்.”