ஒற்றைச் செருப்பும் ஒரு மீன் வாலும்

கையில் ஒற்றைச் செருப்பைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெரியவர் கடைக்குள் நுழைந்ததும், ஜோவான் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அடி பின்வாங்கினாள். அவள் விற்ற மலிவு விலை கடற்கன்னி வால் ஒன்று நீச்சல் குளத்திலேயே தையல் விட்டுப்போய், போன வாரம்தான் ஒரு தாய் வந்து கடை வாசலில் ஊரைக் கூட்டிவிட்டுப் போயிருந்தாள். இப்போது அந்த வீட்டுத் தாத்தா கிளம்பி வந்திருக்கிறார் என்றே நினைத்தாள்.

"அங்கள், வேற வால் மாத்தித் தந்துர்றேன். மொதல்ல செருப்பக் கீழ போடுங்க."

"இது அடிக்கிறதுக்கு இல்லம்மா, அளவுக்கு. இந்தக் காலுக்கு ஏத்த மாதிரி நல்ல வாலாக் காட்டு. சின்னப் பிள்ளைங்க வெளையாடுறது வேணாம். தெனம் தண்ணியிலேயே கெடக்கும், கிழியாம தாஹான் பண்ணணும்லா."

ஜோவானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஈப்போவில் நீச்சல் சாமான் கடை போட்ட நாளிலிருந்து அவள் எத்தனையோ வால் விற்றிருக்கிறாள். ஆனால் கழுத்துப் பட்டன்வரை பூட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு வால் வாங்க வந்த முதல் ஆள் இவர்தான். பெயர் அப்பாவு, சுங்காயிலிருந்து பஸ் ஏறி வந்தாராம்.

அவள் செருப்பை வாங்கிப் பார்த்தாள். "காலு பெருசா இருக்கே, அங்கள்."

"உயரத்துக்கு ஏத்த காலுதான்."

முதலில் எடுத்துப் போட்ட வெள்ளி நிற வாலை அவர் பட்டுப் புடவை பார்ப்பதுபோல் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். செதில்களுக்கு நடுவே வெள்ளைத் துணி பல்லைக் காட்டியது. "இழுத்தா வெளுக்குது. வேணாம்," என்று தள்ளிவிட்டார்.

இரண்டாவதை ஜோவானே திரும்ப எடுத்துக்கொண்டாள். போன வாரம் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருந்தது. "இதுக்குள்ள இருக்குற துடுப்பு மெல்லிசு, அங்கள். படம் புடிச்சுக்கத்தான் ஆகும். வேகமா நீந்துனா மடங்கிப் போயிரும்."

மூன்றாவது வால் கறுப்பு. அதை அவர் தொடவே இல்லை. "தீபாவளிக்கு எடுக்கிறதும்மா. கறுப்பு ஆகாது."

நான்காவதில் பாதத்தை நுழைக்கிற கால் பையை அமுக்கி, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "நல்ல கித்தா. நான் ரப்பர் எஸ்டேட்டுல பால் வெட்டுனவன், தொட்டாலே சொல்லிருவேன்."

"அது சிலிக்கோன், அங்கள்."

"அதான் வாசம் வரல," என்றார் அசராமல். பிறகு குரலை இறக்கி, "அவசரம்னா கால் சட்டுனு வெளிய வருமா? தண்ணிக்குள்ள மாட்டிக்கிட்டா என்னாம்மா பண்றது?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில் இருந்த பயம் ஜோவானை என்னவோ செய்தது. "யாருக்கு அங்கள் இவ்வளவு பாத்துப் பாத்து எடுக்குறீங்க?"

அப்பாவு செருப்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "எம் மவ தினேஸ்வரி எங்கூடப் பேசுறதில்லம்மா. தண்ணி பார்க்குல, கண்ணாடித் தொட்டிக்குள்ள நீந்திக் காட்டுற வேலை. நான் சும்மா இருந்திருக்கலாம். விருந்துல நாலு பேரு முன்னாடி, 'மீன் வேஷம் கட்டிக்கிட்டு நெளியிறதெல்லாம் ஒரு பொழப்பா'ன்னு கேட்டுட்டேன். சோத்துல வச்ச கைய ஒதறிட்டு எந்திரிச்சவதான். கெளம்புன வேகத்துல இந்தச் செருப்பு எங்க வாசல்லயே நின்னுபோச்சு."

"சரி விடுங்க, அங்கள்."

"எப்படிம்மா விடுறது? தீபாவளிக்கு அவ வரலன்னா எங்க வீட்டுல அடுப்பே எரியாது. அந்தப் பழைய வாலும் கிழிஞ்சு, ஒட்டுப் போட்டுத்தான் ஓடுதாம்."

ஜோவான் உள்ளே போய், யாருக்கும் சுலபத்தில் காட்டாத மயில்கழுத்து நிற வாலைக் கொண்டுவந்தாள். இரட்டைத் தையல், விரல் உரசும் இடத்தில் தடித்த துணி, மடங்காத துடுப்பு. தன் காலையே கால் பைக்குள் விட்டு, குதிகால் வாரைத் தட்டி ஒரே இழுப்பில் வெளியே எடுத்துக் காட்டினாள்.

அப்பாவு இழுத்துப் பார்த்தார், வெளுக்கவில்லை. செருப்பைக் கால் பைக்குள் வைத்தார், அச்சாகப் பொருந்தியது. "இதுதாம்மா," என்றார்.

"படம் எடுத்து அக்காவுக்கு அனுப்புவோமா?" என்று கேட்டு, அவர் கைப்பேசியிலிருந்தே அனுப்பினாள். அதன் பிறகு இருவரும் அந்தக் கைப்பேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு யாரோ நீச்சல் கண்ணாடி விலை கேட்டதுகூட ஜோவான் காதில் விழவில்லை.

ஒருவழியாகக் குரல் செய்தி வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பெண் பேசினாள். "வாரோம்ப்பா. இட்டிலிக்கு ஆட்டுக்கறி பெரட்டல் வச்சிருங்க."

அப்பாவு அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். கண்ணில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து சின்னப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, வாலின் இடுப்பு ஓரத்தில் பக்தியோடு மஞ்சள் தடவினார்.

சர்ச்சுக்குப் போகிற ஜோவானுக்கும் புதுத் துணிக்கு மஞ்சள் வைப்பது தெரியும். மீன் வாலுக்கும் வைப்பார்கள் என்றுதான் தெரியாது. "அங்கள், அக்கா தண்ணியில போட்டுக்கிட்டு எறங்கப்போற வாலு. அதுக்குப் போயி மஞ்சளா?"

அப்பாவு அவளை விநோதமாகப் பார்த்தார்.

"தல தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு உடுப்பு மாமனாருதானம்மா எடுக்கணும்."