பாதி வலி

புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து முடித்த பிறகும் ஜெசிந்தாவுக்கு இடது விலாவில் வலி நிற்கவில்லை. மூச்சை இழுத்தாலே குத்தியது. அந்த வலியில் பாதியைத் தான் உயிரோடு இருக்கும்வரை தன் விலாவுக்கு மாற்றிக்கொள்வதாகக் கணவர் மரியநேசன் மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டார். தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மாற்றிய பிறகு அவளுக்கு லேசான வலிதான் மிஞ்சியது.

நான்கு வருடம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது அந்த வலி மொத்தமாகத் திரும்பி வந்தது. ஜெசிந்தா மேசையைப் பிடித்துக்கொண்டாள். போன் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கிரேனில் உட்கார்ந்தபடியே மரியநேசனுக்கு மாரடைப்பு.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஜெசிந்தா மருத்துவமனைக்குப் போனபோது, நர்ஸ் பதிவைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள்.

"பாதின்னு உங்ககிட்ட சொல்லச் சொன்னதே சார்தாம்மா. பத்துல ஒன்பது பங்கு அவங்கதான் வச்சிருந்தாங்க."

கூட வந்த மகள் ஷைனி அழுதாள். "எனக்கு மாத்தச் சொல்லும்மா. நான் தாங்குவேன்."

"வேண்டாம் மக்களே," என்றாள் ஜெசிந்தா. "உங்கப்பா எப்படி மூச்சு விட்டாருன்னு எனக்கு இப்பதான் தெரியுது."