ஓட்டில்லாத இருவர்

தென்காசியில் காலையிலிருந்தே மழை. சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாமேல் சாய்த்து வைத்த போனுக்குள் ஜோஷ்வா இருக்கிறான். அம்மாவை அடக்கம் செய்து மூன்று நாளாகிறது. விசா புதுப்பிப்பு முடியாமல் அமெரிக்காவை விட்டுக் கிளம்பினால் திரும்ப முடியாது என்பதால் அவன் வரவில்லை. அருமைநாயகம் மகனிடம் அதைப் பேசவில்லை. அந்த நாட்டு அதிபர் தேர்தலைப் பேசுகிறார்.

“கம்பெனிக்காரனுக்கு வரியக் குறைச்சு, வெளிநாட்டுச் சாமானுக்குக் கூட்டுவேன்னு ஒருத்தர் சொல்லுதாரு. வெல ஏறாதாலே?”

“ஏறுனாலும் இங்கனயே ஃபேக்டரி வரும்லாப்பா. எதிர்த்து நிக்கவங்க சொல்லுத மாதிரி பணக்காரங்கிட்ட வரி வாங்கிப் பிள்ளக்காரங்களுக்குக் குடுத்தா மட்டும் எல்லாம் சரியாயிருமா?”

“ஜனங்க கையில துட்டு இருந்தாத்தானலே கடையில யாவாரம் நடக்கும்?”

இருவருக்குமே அங்கே ஓட்டுக் கிடையாது. ஆனாலும் குரல் ஏறுகிறது. அருமைநாயகம் மேசையைத் தட்டுகிறார். ஆறிப்போன காப்பியின் ஆடை நடுங்குகிறது. ஜன்னல் கம்பி வழியே சாரல் முழங்கையை நனைக்கிறது, அவர் எழுந்து சாத்தவில்லை. பேச்சு நின்றால் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அடுத்த கேள்வியைத் தேடுவதற்குள் பேச்சு நின்றுவிடுகிறது. ஜோஷ்வா கண்ணாடியைக் கழற்றுகிறான்.

“அடக்கத்தன்னைக்கு மழையில வீடியோ சரியாத் தெரியலப்பா. அம்மாவுக்கு எந்தச் சேல கட்டியிருந்தாங்க?”

அவர் யோசிக்கிறார். குடைகளும் போதகரின் நனைந்த அங்கியும் நினைவுக்கு வருகின்றன. சேலை வரவில்லை.

“பாக்கலையேலே,” என்கிறார். “மொகத்தத்தாம்ல பாத்துட்டிருந்தேன்.”