பதினோராவது கேள்வி

"வேற யார்கிட்ட வேணும்னாலும் போறேன். அந்த ஹாஸ்கல்கிட்ட மட்டும் போகச் சொல்லாதே" என்றாள் டெல்லா.

காரை ஓட்டிக்கொண்டிருந்த மார்னி சிரித்தாள். "வேற யாருடி பாக்கி? நாலு இன்ஷூரன்ஸ் ஏஜென்டைப் பாத்தாச்சு. ஒருத்தன் முடியாதுன்னுட்டான். மத்த மூணு பேரும் மாசம் நானூறு டாலருக்குக் குறைஞ்சு பேசமாட்டேங்கறாங்க. உன் சம்பளத்துல உன் கார்தான் சாப்பிடும், நீ பட்டினி."

"கோர்ட்ல அவர் என்ன சொன்னார்னு தெரியும்ல?"

"உள்ளதைத்தானே சொன்னார்?"

டெல்லா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்யாண விருந்தில் குடித்துவிட்டுக் காரை எடுத்தவள், நேராக ஹாஸ்கலின் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குள் போய்த்தான் நின்றாள். ஆபீசின் முன்பக்கக் கண்ணாடி மொத்தமும் தூள். நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. மாடியில் குடியிருந்த ஹாஸ்கல்தான் இறங்கி வந்து போலீசைக் கூப்பிட்டார்.

ஒரே ஒரு கிளாஸ்தான் குடித்தேன், பனியில் வண்டி சறுக்கிவிட்டது என்று கோர்ட்டில் டெல்லா சாதித்தாள். ஹாஸ்கல் பைபிள் மேல் கை வைத்து, "நிக்கக்கூட முடியாம குடிச்சிருந்தா" என்றார். முடிந்தது கதை. லைசென்ஸ் ஆறு மாதத்துக்குப் போயிற்று. பழைய இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அவளைக் கைகழுவிவிட்டது.

இப்போது லைசென்ஸ் திரும்ப வேண்டுமானால், 'இவளுக்கு நாங்கள் பொறுப்பு' என்று ஏதாவது ஒரு கம்பெனி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லம் முப்பது மைல் தள்ளி. பஸ் கிடையாது. தினமும் ஏற்றிப்போகும் மார்னியோ வெள்ளிக்கிழமையோடு வேறு ஊருக்குக் குடிபோகிறாள்.

"இறங்கு" என்றாள் மார்னி. கார் ஹாஸ்கலின் ஆபீஸ் வாசலில் நின்றிருந்தது.

ஹாஸ்கல் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். வியப்பும் இல்லை, வரவேற்பும் இல்லை.

"உக்காரும்மா. இந்தத் தடவை கதவு வழியா வந்திருக்கே."

டெல்லாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

"குடியை விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"எத்தனை நாளா?"

"இருநூத்திப் பதினாறு நாளா."

அவர் தலையைக்கூட ஆட்டவில்லை. கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். யாருக்கோ போன் செய்தார். அரை மணி நேரம் அவளைக் காக்க வைத்தார்.

"ஒரு சின்னக் கம்பெனி இருக்கு. மாசம் நூத்தி அறுபது டாலர். முடியுமா?"

காதில் விழுந்தது சரிதானா என்று டெல்லாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "எவ்வளவு சொன்னீங்க?"

"நூத்தி அறுபது. ஆனா படிவத்தை நீயே உன் கையால எழுதணும். பதினோராவது கேள்வியை நல்லாப் படிச்சுட்டு எழுது. அதுல 'ஆமாம்'னு வந்தா அவங்க உன்னைத் தொடவே மாட்டாங்க."

எழுதிக்கொண்டே போனாள். தண்டனை உண்டா என்று கேட்டிருந்தது. ஆமாம். விபத்து உண்டா? ஆமாம். பதினொன்றில் பேனா நின்றது.

'மேற்படி விபத்துக்காக உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனி எவருக்காவது நஷ்டஈடு கொடுத்ததா?'

அவள் ஆபீசின் முன்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள். புதுக் கண்ணாடி, பளபளவென்று இருந்தது.

"'இல்லை'ன்னு எழுது" என்றார் ஹாஸ்கல்.

டெல்லா நிமிர்ந்தாள். "என்ன சார் இது? கோர்ட்ல அன்னிக்கு நீங்கதான் பெரிய உண்மைவிளம்பி. இன்னிக்குக் கமிஷன் வருதுன்னதும் என்னைப் பொய் எழுதச் சொல்றீங்களா?"

"கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும்மா."

"எழுதறேன்." 'ஆமாம்' என்று பெரிதாக எழுதி, படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "ஒரு தடவை பொய் சொல்லிப் பட்டது போதும் எனக்கு. வேலை போனா போகட்டும்." எழுந்தேவிட்டாள்.

ஹாஸ்கல் அதைப் பார்த்தார். நிதானமாக இரண்டாகக் கிழித்தார். இழுப்பறையிலிருந்து புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தப்பா எழுதினதை நான் அனுப்ப முடியாது."

"எது தப்பு? நான்தானே இடிச்சேன்?"

"நீ இடிச்சதை யாரு இல்லைன்னாங்க? அதை முந்தின கேள்வியிலேயே கேட்டாங்க, நீயும் எழுதிட்டே. இது வேற கேள்வி. உன் பழைய கம்பெனி யாருக்கும் ஒரு காசு கொடுக்கல."

"அப்ப இந்தக் கண்ணாடி?"

"நான் என் காசுல போட்டது. உன் கம்பெனிகிட்ட நஷ்டஈடு நான் கேக்கவே இல்லை."

டெல்லா தொப்பென்று உட்கார்ந்தாள். ஏழு மாதமாக நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. மூச்சு வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

"ஏன் சார் கேக்கல?"

"கேட்டு வாங்கியிருந்தா, மூணு வருஷத்துக்கு உன்னால சமாளிக்கக்கூடிய விலையில எவனும் இன்ஷூரன்ஸ் கொடுக்கமாட்டான். முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன், இதுகூடத் தெரியாதா?"

"அப்புறம் கோர்ட்ல மட்டும் ஏன் சார் அப்படி..."

ஹாஸ்கல் பேனாவை அவள் கையில் கொடுத்தார்.

"கோர்ட்ல கேட்டாங்க, சொன்னேன். சொல்லலேன்னா, இருநூத்திப் பதினாறு நாள் நீ குடிக்காம இருந்திருப்பியாம்மா?"