அந்தப் பெண் பிழைக்கக் கூடாது

தீவிலிருந்து கடல் கடந்து மெயின்லேண்டில் நடக்கும் தற்கொலைத் தடுப்பு மாநாட்டில் பேச வாய்ப்புக் கேட்டு, அன்று மாலைக்குள் உரையின் சுருக்கத்தை அனுப்ப வேண்டும். தீவின் மரைன் ஹில் பகுதியில் மனநல ஆலோசனை மையம் நடத்தும் உதயசூரியன், அங்கே ஆலோசகராக இருக்கும் வைஜெயந்தி எழுதியதைப் படித்துப் பார்த்தார்.

பத்துபஸ்தி குடியிருப்பில் ஒரு பெண். கணவன் விட்டுப் போனபின் சாகத் துணிந்தாள். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு பெங்காலி அம்மா கதவைத் தட்டி, டீ குடிக்கக் கூப்பிட்டாள். அவள் மடியில் அழுது தீர்த்தவள் பிழைத்துக்கொண்டாள்.

"அரே, டீ குடிச்சுப் பிழைச்சாள்னு சொன்னா எவன் நம்மள கூப்பிடுவான்? செத்துட்டாள்னு மாத்தும்மா."

"பிழைச்சதைச் சொல்றதுக்குத்தானே சார் மாநாடு?"

"கேக்கறவங்க கண் கலங்கணும். நம்ம சென்டருக்கு வந்திருந்தா காப்பாத்தியிருப்போம்னு முடி. தீக் ஹை, சரியா?"

"அந்தப் பொண்ணு இதைப் பார்த்தா என்ன சார் நினைப்பா?"

"பேரே போடலையே. அவளுக்கு எப்படித் தெரியும்?"

வைஜெயந்தி மடிக்கணினியை மெல்ல மூடினாள்.

"தெரியும் சார். அது நான்தான்."

உதயசூரியன் அவளை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அவர் குரல் கனிந்திருந்தது.

"இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியாம்மா?"

ஆறுதலாகத்தான் கேட்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"இல்ல சார். உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன்."

"அப்ப பிரச்சனை இல்ல," என்றார் அவர். "செத்ததாவே இருக்கட்டும்."